நம் வீட்டில் குத்திய சிவப்புக் குண்டூசி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அவள் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. அங்கே உன் நலம் அறிய ஆவல் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. எட்டு மாதமாக ஒரு தடவைகூட விசாரிக்காதவன் திடீரென்று ஆவல் என்று எழுதினால் நீயே சிரித்துவிடுவாய் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. வருகிற இருபத்தேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மறுவாழ்வு இல்லத்திலிருந்து உன்னை வெளியே விடுகிறார்கள், மறுபடி நம் மாடி அறையில் தங்கிக்கொள்ளலாமா, "அண்ணன் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று கேட்டிருந்தாய். நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. முடியாது. காரணத்தை ஒரு வரியில் சொல்லலாம்தான். ஆனால் முப்பத்தொரு வருடம் கல்லூரியில் பூகோளம் நடத்தியவனுக்கு எதையும் ஒரு வரியில் சொல்லிப் பழக்கமில்லை. பொறுமையாகப் படி. அங்கே உனக்கு வேறு என்ன வேலை?

எல்லாம் என் கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்தது. அதைப் பிடுங்கப் போன அன்றைக்குத்தான் கல்லூரியில் ஆசிரியர் கூட்டம் வைத்தார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் புதிதாக ஒரு கட்டாயப் பாடமாம். பெயர் 'சமூகம் சார்ந்த போதைத் தடுப்பு'. சமூகப்பணித் துறையில் ஆள் இல்லை. மனோதத்துவ அம்மா பிரசவ விடுப்பில் போய்விட்டார். விளையாட்டு ஆசிரியர், "எனக்கு விசில் ஊத மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது என் காலி நாற்காலி. கூட்டத்துக்கு வராதவன் தலையில் மிளகாய் அரைப்பது எங்கள் கல்லூரியில் வழிவழியாக வருவது. மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது என் கன்னம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. வாய் நிறையப் பஞ்சு. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு 'முடியாது' என்று சொல்லிப் பார், அதில் உள்ள கஷ்டம் தெரியும். தலையை ஆட்டினேன். "அப்ப சரி, சந்தோஷம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அப்போது உன்னை வீட்டை விட்டு அனுப்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தெருவுக்கு நான் சொல்லிவைத்திருந்த கதை உனக்குத் தெரியாது, சொல்கிறேன். தம்பிக்குத் தூரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, அவசரமாகக் கிளம்பிவிட்டான். இதுதான் கதை. உன் அண்ணிக்கும் இதே கதைதான். அவள் "அப்படியா?" என்றாள், அவ்வளவுதான். நீ போன இரண்டாம் மாதம் இல்லத்திலிருந்து பாதுகாவலர் கையெழுத்துக் கேட்டு ஒரு படிவம் வந்தது பார், அதைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்து, கையெழுத்துப் போட்டு, கைக்குட்டைக்குள் சுருட்டிக்கொண்டு போய் வேறு தெருத் தபால் பெட்டியில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக எனக்கு ஏக நிம்மதி.

ஆக, இந்தத் தகுதிகளோடு நான் நாற்பத்திரண்டு பிள்ளைகள் முன்னால் போய் நின்று போதைத் தடுப்பு நடத்தினேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது சும்மாவா? பாடப் புத்தகம் ஒரு குழு எழுதியது, அதனால் யாரையும் தனியாகத் திட்ட முடியாது. ஆனால் மோசமான புத்தகம் இல்லை. போதையில் விழுந்தவனைப் போலீசும் டாக்டரும் மட்டும் மீட்க முடியாது, அக்கம்பக்கத்துக்காரனும் கடைக்காரனும் கூட வேலை செய்கிறவனும் சேர்ந்துதான் தாங்கிப் பிடிக்க வேண்டும், அறிவுரை சொல்லாதே, காது கொடுத்துக் கேள் என்று போட்டிருந்தது. 'அறிவுரை பயன் தராது' என்ற அந்தப் பகுதியைப் பற்றி நான் ஒன்றரை மணி நேரம் அறிவுரை சொன்னேன்.

முன் பெஞ்சில் இடது ஓரத்தில் ஒரு பெண். வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. வாயைத் திறந்தால் "சார், ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு எழுந்து, "சார், அறிவுரை சொல்லக் கூடாதுன்னா, நீங்க இப்ப இவ்ளோ நேரம் பண்ணது என்ன சார்?" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "இது பாடம்மா, உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்து, 'இது பாடம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நடுவில் ஒரு போலீஸ் அதிகாரியைப் பேச அழைத்தோம். அவர் ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய மாத்திரைகளை வைத்துக்கொண்டு, இது இப்படிப்பட்ட விஷம், அது அப்படிப்பட்ட விஷம் என்று பயமுறுத்திவிட்டு, கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. அவ்வளவுதான், கதவைச் சாத்தினார்கள், நாற்பத்திரண்டு பிள்ளைகளின் பையையும் கவிழ்த்தார்கள், பின் பெஞ்சில் ஒருத்தன் பயத்தில் அழவே ஆரம்பித்துவிட்டான். அப்புறம்தான் தெரிந்தது, அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்த நம் பிரின்சிபால் தலைவலி தாங்காமல், மூடி திறந்திருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டாராம். போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயா, எண்ணிக்கைக்கு நான் கணக்குச் சொல்லணும்னுதான் தேடினோம். அது எல்லாம் மாதிரிக்குச் செஞ்சது. சாக்பீஸ்" என்றார். "அப்படியா? தலைவலி சுத்தமாப் போயிடுச்சே!" என்ற பிரின்சிபால் அந்தத் தெம்பில் இன்னும் நாற்பது நிமிடம் பேசினார். போதைத் தடுப்பில் எங்கள் கல்லூரி கண்ட முதல் வெற்றி அதுதான்.

இதற்கு மேல் பேச்சே வேண்டாம், செயலில் இறங்குவோம் என்று முடிவு செய்தேன். நான் பூகோளக்காரன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, எதுவாக இருந்தாலும் வரைபடம் போட வேண்டும். ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள், வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள், ஆபத்தான இடத்தில் சிவப்புக் குண்டூசி, உதவி கிடைக்கிற இடத்தில் பச்சைக் குண்டூசி குத்துங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு உன் அண்ணி என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். சந்தேகம் எழுந்துவிட்டாள். "சார், ஆபத்தான இடம்னா எது சார்? பாட்டில் விக்கிற இடமா?" 'ஆமாம்மா' என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே! எனக்கு வாய் சும்மா இருக்காதே. "பாட்டில் விற்கிற இடம் எல்லோருக்கும் தெரியும், அதற்கு எதற்கு வரைபடம்? விழுந்தவன் எந்த இடத்தில் உண்மையைச் சொல்ல முடியாதோ, அது சிவப்பு. எந்த இடத்தில் சொல்ல முடியுமோ, அது பச்சை" என்றேன். பின் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து குறிப்பெடுத்தான். வரைபடத்தின் ஓரத்தில் எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று எழுதுவோம் அல்லவா, அதில் இதையே எழுதவேண்டும், அதிலிருந்து ஒரு நூல் பிசகினாலும் மதிப்பெண் கிடையாது என்று வேறு கறாராகச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடமும் பெருமையாகச் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லா இருக்கே. பசங்க எழுதிக்கிட்டாங்களா?" என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

எந்தத் தெரு என்று கேட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது இந்த இடத்தில்தான். நம் தெருவையே சொன்னேன். கல்லூரியிலிருந்து நடக்கிற தூரம். பிள்ளைகளுக்குப் பத்திரம். "ஒழுக்கமான தெரு, பச்சைக் குண்டூசி நிறைய வாங்கிக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னேன். உள்ளுக்குள் இன்னொரு ஆசை. தெருவில் போதைத் தடுப்பு நடத்துகிற ஒரு பேராசிரியர் குடியிருக்கிறாரே, அந்த வீட்டுக்கு ஒரு பச்சை குத்தாமலா இருப்பார்கள்? கேட்டுக்குப் புதுச் சாயம் அடித்தேன். நான்கு நாள் சாயங்காலமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் மூன்று புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை வரவில்லை. எதிரே தையல் கடைக்குப் போனார்கள், மூலை மருந்துக்கடைக்குப் போனார்கள், வேன்காரர் வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் நம் பின்வாசல் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. தண்ணீர் கேட்டு வந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் என்ன தண்ணீர் குடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கண்காட்சி நாள் வந்தது. கல்லூரி மண்டபத்தில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, தெர்மோகோல் பலகையில் நம் தெரு. பிரின்சிபால், நிர்வாகக் குழுத் தலைவர், பெற்றோர்கள். தெருக்காரர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். கழுத்தில் டேப்போடு தையல்காரர், மருந்துக்கடைக்காரர், வேன்காரர், இவர்களோடு உன் அண்ணி. எனக்குச் சொல்லாமலே வந்திருந்தாள். துணியை விலக்கினார்கள். ஏழெட்டுப் பச்சைக் குண்டூசி. தெரு முழுவதற்கும் சிவப்பு ஒன்றே ஒன்று.

சந்தேகம்தான் பேசினாள். "யார் பேரும் சொல்ல மாட்டோம், வீட்டு நம்பரும் சொல்ல மாட்டோம். ரகசியத்தைக் காப்பாத்தணும்கிறது விதி" என்று ஆரம்பித்தாள். நல்ல விதிதான். ஆனால் வரைபடம் அளவு பிசகாமல் இருக்கவேண்டும் என்று ஆறு வாரம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். பாவிகள் பிசகாமல் போட்டிருந்தார்கள். மாடி, பின்பக்க வெளிப்படி, தண்ணீர்த் தொட்டி, புதுச் சாயம் அடித்த கேட்டின் நிறம் உட்பட எல்லாம் இருந்தது. மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு அளவோடு படம் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

"ஒரு வீட்டு மாடியில ஒருத்தர் இருந்தார்" என்று அவள் சொல்லச் சொல்ல, நான் உன் கதையை முதல் தடவையாகக் கேட்டேன். மூன்று வருடமாக நீ நிதானம் இல்லாமல் வரும் நாளெல்லாம் தையல் கடை பெஞ்சில்தான் முதலில் உட்காருவாயாம். நிர்வாகக் குழுத் தலைவர் ஆர்வம் தாங்காமல் தையல்காரரையே எழுப்பிக் கேட்டார். அந்த மனுஷன் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த வீட்டுப் பெரியவரைத் தப்பா நினைக்காதீங்க. நல்லவர்தான். என்ன, விஷயம் தெரிஞ்சா பாடம் எடுப்பார். அந்தத் தம்பிக்கு அந்த நேரத்துல தலை நிக்காது, பாடம் எங்க கேக்கும்? அதனால பெரியவர் வெளிய வர்ற நேரம் பாத்து நான் கூப்பிட்டுக் கழுத்தளவு எடுப்பேன். அதுக்குள்ள வேன்காரர் தம்பியைப் பின் படியில மேல ஏத்தி விட்டுருவார்."

கேட்டாயா? "சார், காலர் இப்ப வேற மாதிரி வருது, ஒரு நிமிஷம் வாங்க" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் நான் போய்த் தாடையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடையின் கூரையைப் பார்த்து நிற்பேன். கூரையில் எத்தனை ஒட்டடை இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். "பதினஞ்சரை சார்" என்பார். போன மாதமும் பதினைந்தரைதானே என்பேன். "மாறும் சார், பாத்துக்கிட்டே இருக்கணும்" என்பார். வாத்தியார் என்றால் அவருக்குத் தனி மரியாதை என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று வருடத்தில் என் கழுத்தை முப்பது தடவையாவது அளந்திருப்பார். தைத்தது இரண்டு சட்டை.

மருந்துக்கடைக்காரர் கதை இதைவிட மோசம். நீ இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாக வாங்கிக் குடிக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, நம் வீட்டு ஆள் யார் கேட்டாலும் 'ஸ்டாக் இல்லை' என்றே சொல்லவேண்டும் என்று கடைப் பையன்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். நான் போன மழைக்காலம் பூராவும் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போய் மருந்து வாங்கியது இதனால்தான். அவர் கடையில் எதுவுமே இருப்பதில்லை என்று நான் மேலிடத்துக்குப் புகார் வேறு எழுதிப் போட்டிருந்தேன். விசாரணைக்கு வந்தவரிடம்கூட அவர் காரணத்தைச் சொல்லவில்லையாம்.

உன் அண்ணி சொன்னதை, 'ஒரு குடும்பப் பெண்மணி' என்று பெயர் போட்டுச் சந்தேகம் நோட்டைப் பார்த்துப் படித்தாள். "எங்க வீட்டுல மேல ஒரு பிள்ளை தவிச்சுக்கிட்டு இருந்துச்சு. கீழ இவர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தார். நடுவுல நான் படிக்கட்டு மாதிரி. இவர்கிட்ட சொல்லிரலாம்னு எத்தனையோ நாள் வாயெடுப்பேன். பாடம் எடுப்பாரேன்னு மூடிக்குவேன்." முன்வரிசையில் அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருடம் கூடக் குடித்தனம் நடத்திய முகம் அது. எனக்கு அடையாளமே தெரியவில்லை.

இன்னும் இருக்கிறது, கேள். உன்னை அந்த இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததே நம் வேன்காரர்தானாமே! மாதம் ஒரு ஞாயிறு இவர்கள் எல்லோரும் வேனில் ஏறி உன்னைப் பார்க்க வருகிறார்களாமே! உன் அண்ணி அந்த ஞாயிறெல்லாம் "பெரியம்மா வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்புவாள். அந்தப் பெரியம்மா செத்து நாலு வருடம், துக்கத்துக்கு நானும்தான் போயிருந்தேன். இது எனக்கு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. இதில் உச்சம் என்ன தெரியுமா? திங்கட்கிழமை காலையில் தையல்காரர் என்னிடம், "தம்பி எப்படி இருக்காப்ல சார்? வேலையெல்லாம் நல்லாப் போகுதா?" என்று கேட்பார். முதல் நாள் உன்னைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன்! நானும் சளைக்காமல் அளப்பேன். எட்டு மாதத்தில் உனக்கு இரண்டு பதவி உயர்வு கொடுத்திருக்கிறேன். தனி அறை, கீழே பன்னிரண்டு பேர். "ரொம்ப சந்தோஷம் சார்" என்று தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இங்கே உலகமே பூனைக்காக விளக்கை அணைத்துக் கொடுத்திருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் நான் எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தால் பிரின்சிபால் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேண்டுமென்றே என் வீட்டையே உதாரணமாகக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "இப்படி ஒரு தியாகம் எந்த ஆசிரியரும் பண்ணதில்லை" என்று கண் கலங்கி, எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார். வரைபடத்தை அச்சடித்து எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பப்போகிறார்களாம், நம் வீட்டுச் சிவப்போடு. கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு வெங்காயக் கூடைக்கு மூடியாக வைத்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே தையல் கடைக்குப் போனேன். நம் மாடி அறைக்கு ஒரு சாவி அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்பதும் அன்றைக்கு வெளியே வந்த ரகசியங்களில் ஒன்று. "சாவியைக் குடுங்க. எட்டு மாசமா ஆள் இல்லாத அறைக்குச் சாவி எதுக்கு?" என்றேன். "தூசி தட்ட சார்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். உன் அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

மேலே போய்த் திறந்தேன். வெளிப்படி பக்கம் நான் எட்டு மாதமாகத் தலைவைத்துப் படுக்கவில்லை. கட்டிலில் துவைத்த விரிப்பு. புது பல்ப். உன் பழைய செருப்புக்கு வார் தைத்து ஓரமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, தம்பி, பொறாமையாக இருந்தது. என் தம்பியைப் பற்றித் தெருவில் எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சந்தேகம் ஆசிரியர் அறைக்கு வந்தாள். "சார், ஒரு சந்தேகம்" என்று சொல்லிவிட்டு நோட்டின் முனையை மடித்து மடித்துப் பிரித்தாள். அப்புறம், "எங்க வீட்டுக்கும் சிவப்புதான் சார் குத்தணும். எங்கப்பா" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இவ்வளவு பட்டபிறகு? நான்காம் அலகைத் திறக்கச் சொன்னேன். 'குடும்பத்தினர் எடுக்க வேண்டிய ஐந்து நடவடிக்கைகள்'. ஐந்தையும் விளக்கினேன். இருபது நிமிடம். அவளும் ஐந்தையும் குறிப்பெடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பார்க்கிறேன், அவள் தையல் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தையல்காரர் ஏதோ ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் அந்தப் பக்கமே பார்க்காத மாதிரி வீட்டுக்குள் போய்விட்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும்தான் நீ போன நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் காலையில் நீ வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாய். சட்டையெல்லாம் சேறு. நான் வருவதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றதைக் கேளு" என்றேன். முக்கால் மணி நேரம் சொன்னேன். குடும்ப மானம், நம் அப்பா, என் உத்தியோகம் எல்லாவற்றையும் சொன்னேன். தெருவே நின்று கேட்டிருக்கிறது, எனக்குத்தான் அது அப்போது உறைக்கவில்லை. முடித்துவிட்டு உன் பையைக் கொண்டுவந்து படியில் வைத்தேன். நீ கடைசிவரை அந்த ஒன்றைச் சொல்லவே இல்லை. நானும் இன்றுவரை அது என்ன என்று கேட்கவில்லை.

ஆகையால்தான் முடியாது என்கிறேன். மீண்டு வந்தவனை உண்மை சொல்ல முடியாத இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. இது என் பாடம், என் வரைபடம், ஓரத்தில் நான் சொல்லிக்கொடுத்த விளக்கம். இதில் ஒரு நூல் பிசகினாலும் மதிப்பெண் கிடையாது என்று சொன்னவனும் நான்தான். இல்லத்துக்காரர்களிடம் சொல்லி வேறு எங்காவது ஓர் அறை பார்த்துக்கொள். பேராசிரியர் யாரும் குடியில்லாத தெருவாகப் பார். என் மேல் உனக்கு வருத்தம் இருந்தால் நியாயம்தான், வைத்துக்கொள். ராத்திரி நேரத்தோடு தூங்கு, வயிற்றைக் காயப்போடாதே. (இது அறிவுரை. இந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை.)

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை இல்லை என்று தெருவுக்குப் போனேன். போகும் வழியில் தையல் கடையில் நுழைந்து, சாவியைக் கண்ணாடிக்குப் பின்னால் அதே ஆணியில் மாட்டினேன். தையல்காரர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, வழக்கம்போல டேப்பை எடுத்து என் கழுத்தில் போட்டார். நானும் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தேன். "பதினாறு சார். அரை இஞ்சு கூடியிருக்கு" என்றார். "பின் படியில யார் ஏறினாலும் எனக்குத் தெரியாது. முன்ன மாதிரியே இருந்துக்குறேன்" என்றேன். "முன் வாசல் வழியாவே வரட்டுமே சார்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அண்ணி ஒன்பது நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்: "பதில் சொல்லாம வந்தீங்களா? நீங்களா?"

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடலாம், ஆனால் இவ்வளவு நீளமாக இன்னொரு தடவை எழுதக் கை வராது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேன் உன்னை அழைக்க அங்கே வந்து நிற்கும். டிரைவர் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பான், கழுத்தளவு பதினாறு. வழியில் அவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது உன் அண்ணி போட்ட நிபந்தனை. அன்றைக்குப் படியில் சொல்ல வந்தாயே, அதை அவனிடம் சொல். வீடு வந்துசேர இரண்டரை மணி நேரம் ஆகுமாம். போதாது என்றால் வேனைச் சுற்று வழியில் விடச் சொல்கிறேன். பூகோளக்காரனுக்குச் சுற்று வழி தெரியாதா என்ன?